பெஹாலாவில் கேட்ட பாதி வாக்கியம்

கொல்கத்தாவில் முதல் நாள் காலையிலேயே, சரியான எண் போட்ட பேருந்தில் தவறான திசையில் ஏறினோம். ஏழரை மணிக்குப் பெஹாலா மைதானத்தில் இருக்க வேண்டும். ஏழரைக்கு நாங்கள் ஜாதவ்பூரில், பல்கலைக்கழக மதில் ஓரமாகக் குளிரில் நின்றுகொண்டிருந்தோம். இறக்கிவிடும்போது நடத்துனர் பேருந்தின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி வங்காளத்தில் ஏதோ சொன்னார். எங்களோடு இறங்கிய பெரியவர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார்: "எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள் என்கிறார். பூமி உருண்டைதான், ஆனால் இந்த வழியாகப் பெஹாலா போனால் நேரமாகும் என்கிறார்."

பிரின்சி சிரித்தாள். அவள் என் அக்கா மகள். பதினெட்டு வயது ஆகப்போகிறது. வியாசர்பாடியில் பிறந்து, அங்கேயே பையன்களோடு மண்ணில் விழுந்து புரண்டு கோல்கீப்பர் ஆனவள். இரண்டு ஜெர்ஸியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, முத நாளே லேட்டா போனா இன்னா சொல்வாங்க?"

"நான் பேசிக்கிறேன்" என்றேன். அந்த ஐந்து நாளில் எத்தனை முறை அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கப் பிடிக்கவில்லை.

வந்த காரியம் இதுதான். பெஹாலாவில் ஒரு தனியார் பயிற்சி முகாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண் கோல்கீப்பர்கள் பன்னிரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். ஐந்து நாள் பார்த்து, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் அங்கேயே தங்கவைத்துப் பயிற்சி தருவார்கள். பயிற்சியாளர் ஸ்பெயின்காரர், ஆங்கிலம் அதிகம் வராது. பிரின்சிக்குத் தமிழ் தவிர வேறு எதுவும் வராது. துணைக்கு ஓர் ஆள் வரலாம் என்றதும் அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "எந்தம்பிக்கு ஸ்பானிஷ் தெரியும். அவனே போறான்."

தெரியும்தான். சென்னையில் ஒரு கால்சென்டரில் ஆறு வருடம் மெக்ஸிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களோடு பேசியிருக்கிறேன். அந்தப் பிரிவை மூடும்வரை அதுதான் சோறு போட்டது. ஆனால் என் ஸ்பானிஷ் முழுக்க 'நீங்கள்' ஸ்பானிஷ். வாடிக்கையாளரை யாராவது 'நீ' என்பார்களா? செல்போன் செயலி நின்றுபோனால் ஒரு வாக்கியம் சொல்வோம்: "சால்கா தெ லா அப்ளிகசியோன்." செயலியை விட்டு வெளியே வாருங்கள். பிறகு மறுபடி உள்ளே போங்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் சால்கா என்றால் வெளியே வாருங்கள்.

நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. பயிற்சியாளர் ரமோன் திட்டவில்லை. கைக்கடிகாரத்தை விரலால் ஒரு தடவை தொட்டுக் காட்டிவிட்டு, கையுறை போட்டுக்கொள் என்று பிரின்சிக்குச் சைகை செய்தார். நான் பேருந்துக் கதையை ஸ்பானிஷில் ஆரம்பித்தேன். அவர் கேட்டுவிட்டு, "நீங்கள் யார், வங்கி மேலாளரா?" என்றார். என் மரியாதைப் பேச்சு அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

முகாமில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தாள். ரித்து. ஜாதவ்பூரில் படிக்கிற வங்காளிப் பெண். ஸ்பானிஷைப் புத்தகம் வைத்து ஒழுங்காகக் கற்றவள். மற்றப் பெண்களுக்கு அவள்தான் வங்காளத்திலும் இந்தியிலும் சொன்னாள். பிரின்சிக்கு மட்டும் நான். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம், என்னைத் தாதா, அதாவது அண்ணா, என்பாள்.

வியாசர்பாடியில் பயிற்சியை வேடிக்கை பார்ப்பவர்கள் சின்னப் பிள்ளைகள். இங்கே ரிட்டையர் ஆனவர்கள். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு, கையில் செய்தித்தாளோடு கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பந்து ஒன்று உள்ளே போனால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிரின்சியைப் பார்த்து என்னவோ சொன்னார். ரித்துவைக் கேட்டேன். "இந்தப் பெண்ணுக்குக் கால் தரையில் இருப்பதே இல்லை, இவளுக்கு மீன் கொடுங்கள் என்கிறார்."

மீனுக்குத்தான் பஞ்சமில்லை. ஆனால் கடுகெண்ணெய் வாசனை பிரின்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மதியம் கொடுத்த மீன் குழம்பைக் கையில் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அதனால் சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த லேக் மார்க்கெட்டுக்குத் திரும்பியதும் எங்கள் விடுதிக்குக் கீழே இருந்த தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவோம். பரிமாறுகிறவர் கல்யாணசுந்தரம். அப்பா காலத்திலேயே வந்த குடும்பம், இவர் பிறந்ததே கொல்கத்தாவில். தமிழை ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பார். மிஷ்டி என்பார், அது இனிப்பு; தாராவ் என்பார், அது கொஞ்சம் இரு.

"சாம்பார் கொஞ்சம் மிஷ்டியா இருக்கும்மா. இங்க எல்லாருக்கும் அதான் பிடிக்குது. உனக்குத் தனியா காரமா போட்டுத் தரச் சொல்றேன், தாராவ்."

பிரின்சி ஒன்பது இட்லி சாப்பிட்டாள். எங்கள் ஊர்ச் சாம்பார் போல இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் இடைவேளையில் ரித்துவும் நானும் மண் குவளையில் தேநீர் குடித்தோம். "தாதா, கோச் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார். நீங்கள் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

"அதனால் என்ன?"

"'நீ' என்று கட்டளை போடும்போது வடிவம் மாறும். இப்போது 'வெளியே வா' எப்படிச் சொல்வீர்கள்?"

"சால்" என்றேன் கொஞ்சம் யோசித்து.

"சரி. 'வெளியே வராதே'?"

"நோ சால்."

அவள் தலையாட்டினாள். வங்காளிகள் தலையாட்டினால் அது ஆமாமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை அது 'இல்லை'தான். "நோ சால்காஸ்" என்றாள். பிறகு விரலை மடக்கி வரிசையாகச் சொன்னாள்: சால்கா, சால்காஸ், சால்கா, சால்காமோஸ், சால்காயிஸ், சால்கான். அந்த மொழியில் நடப்பதைச் சொல்ல ஒரு வடிவம். நடக்கட்டும், நடக்கக் கூடாது, நடந்தால் நல்லது என்று மனதில் இருப்பதைச் சொல்ல இன்னொரு வடிவம். இது அந்த இரண்டாவது. மூலச் சொல்லான சாலிர் என்பதில் 'க்' என்ற ஒலியே கிடையாது. இந்த வடிவத்தில் எங்கிருந்தோ வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். "'நீங்கள்' என்றால் வாருங்கள், வராதீர்கள் இரண்டுக்கும் சால்காதான். 'நீ' என்றால் அப்படி இல்லை. வா என்றால் சால். வராதே என்றால்தான் சால்காஸ். குழப்பிக்கொள்ளாதீர்கள்."

"ஆறு வருஷம் இதில் சம்பளம் வாங்கினவன் நான்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த ஊர் வழக்கப்படி குவளையைக் கீழே போட்டு உடைத்துவிட்டு எழுந்தோம். அன்று விடுதியில் ஒரு தடவை உட்கார்ந்து அந்த ஆறு சொற்களையும் சொல்லிப் பார்த்திருக்கலாம். கால் மணி நேர வேலை. நான் கல்யாணசுந்தரம் கொண்டுவந்த காபியைக் குடித்துக்கொண்டு சாலையில் டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பிரின்சி பிடித்த பந்துகளைச் சொல்லி மாளாது. இடது மேல் மூலைக்குப் போன ஒன்றை விரல் நுனியில் தட்டிவிட்டாள். செய்தித்தாள் வைத்திருந்தவர்கள் மடித்துவிட்டு எழுந்து நின்றார்கள். ரமோன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நின்ற இடம்தான் அழகு. எங்கே நிற்க வேண்டும் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். பிரின்சியைக் கேட்டேன்.

"யாரும் சொல்லல. பால் எங்க வரும்னு தெரியும்ல, அங்க நின்னுக்குவேன்."

அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ரமோன் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவள் வேலை செய்யும் தையல் கம்பெனியில் மதிய இடைவேளை. இயந்திரச் சத்தம் நின்றிருந்தது. "செலக்ட் ஆயிடுவாளாடா?" என்று கேட்டாள். ஆகிவிடுவாள் என்றேன். அக்கா மூக்கை உறிஞ்சினாள். வயது காரணமாக அடுத்த வருடம் பிரின்சி இந்த முகாமுக்கு வர முடியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான்காம் நாள் ஆட்டம். பெண்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, உள்ளூர்ப் பெண்களையும் சேர்த்து ஆடவிட்டார்கள். நான் பிரின்சியின் கோலுக்குப் பின்னால், வலையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். ரித்து அந்தக் கோடியில். ரமோன் நடுக்கோட்டுப் பக்கம் நின்று கத்துவார். அவர் சொல்வதை நான் தமிழில் கத்த வேண்டும். "வலது பக்கம் பாரு", "பின்னாடி போ", "அவளைப் பிடிக்கச் சொல்லு". பாதி ஆட்டம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிரின்சிக்கு ஒரு கோலும் விழவில்லை.

அடுத்த தெருவில், அங்கே குளிர்காலத்தில் வருகிற சரஸ்வதி பூஜைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒலிபெருக்கியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். ஹலோ, ஹலோ, பிறகு ஒரு பாட்டின் இரண்டு அடி, பிறகு கிறீச்.

நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து எங்கள் பக்கம் வந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி அதைத் துரத்தினாள். எங்கள் தடுப்பாட்டக்காரி அவளுக்கு இரண்டடி பின்னால். பிரின்சி கோட்டில் முழங்காலை மடக்கி நின்றாள். ரமோன் கையை வாயில் குவித்துக் கத்தினார். அதே நொடியில் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. அது நின்றபோது எனக்குக் கேட்டது ஒரே சொல்.

சால்காஸ்.

"வெளிய வா!" என்று கத்தினேன். "பிரின்சி, வெளிய வா, வெளிய வா!"

அவள் ஒரு கணம் அசையவில்லை. பிறகு ஓடினாள். மூன்று பேரும் ஒரே இடத்தில் மோதினார்கள். பந்து அவர்களைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு வந்து, என் கால் பக்கத்து வலையில் நின்றது. மற்ற இருவரும் எழுந்தார்கள். பிரின்சி வலது தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தாள். சத்தம் போடவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. அறுவை வேண்டாம், கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும், இரண்டு மாதம் ஆகும் என்றார் டாக்டர். ரித்துதான் கூட வந்து எல்லாம் செய்தாள். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பிரின்சி என்னிடம் முதலில் சொன்னது, "சாரி மாமா. லேட்டா வந்துட்டேன். நீ சொன்னவுடனே வந்திருந்தா எடுத்திருப்பேன்" என்பது.

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ரித்துவும் நானும் மருந்து வாங்கப் போனோம். வரிசையில் நிற்கும்போது ரித்து கேட்டாள்: "தாதா, அவள் ஏன் வெளியே வந்தாள்? கோச் வராதே என்று கத்தினாரே."

"எனக்குச் சால்காஸ் மட்டும்தான் கேட்டது. மைக் சத்தம்."

மருந்துச் சீட்டை மடித்தாள், பிரித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அது மட்டும் கேட்டாலே போதுமே தாதா. வா என்றால் சால் என்றுதானே வரும். சால்காஸ் என்று கேட்டால் முன்னால் ஒரு 'நோ' இருந்திருக்கத்தான் வேண்டும்."

'வரணும்' என்று அழுத்திச் சொல்லும்போதும் சால்காஸ் வராதா என்று கேட்டேன். வரும், முன்னால் ஒரு 'கே' போட்டு, இரண்டாம் தடவை கோபமாகச் சொல்லும்போது வரும் என்றாள். "ஆனால் அவர் முதல் தடவைதானே சொன்னார்." அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்துக் கடைக்காரர் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் எங்கள் முறை வந்ததே எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கல்யாணசுந்தரம் கட்டைப் பார்த்துவிட்டு, "கீ ஹோலோ, கீ ஹோலோ" என்று வங்காளத்தில் என்ன ஆச்சு எனக் கேட்டுக்கொண்டே அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். "குடிம்மா. எலும்பு சேர்ந்துடும். என் தம்பி சைக்கிள்லேர்ந்து விழுந்து இதே இடம்தான். இப்ப ஏக்தம் சரி." பிரின்சி இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவளை விடுதியில் படுக்கவைத்துவிட்டு நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். இந்த முறை சரியான பக்கத்தில் நின்று ஏறினேன். வழியெல்லாம் ரமோனிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அவளைத் தவறாக நினைக்காதீர்கள். அவள் சொல் கேட்காதவள் இல்லை. தவறு என்னுடையது. நீங்கள் அவளுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று கேட்கிறேன். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் அந்த இரண்டாவது வடிவம்தான் தேவைப்பட்டது. எனக்கு அதில் தெரிந்தது, செயலியை மூடுவதற்கும் திறப்பதற்கும் உரிய சொற்கள்தான்.

ரமோன் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே வினைச்சொல் உடைந்துவிட்டது. திருத்தினேன், அதுவும் தப்பு. அவர் கூம்புகளைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். என்னை ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

"நான் வராதே என்றேன்" என்றார்.

"தெரியும். நான் வா என்றேன்."

அவர் தரையைப் பார்த்தார். "பட்டியல் நேற்றே கொடுத்தாகிவிட்டது. இரண்டு மாதம் விளையாட முடியாத பெண்ணை எழுத எனக்கு அனுமதி இல்லை. மோதலுக்கு முன்னால் நான் எழுதியிருந்த இரண்டு பேரில் அவள் முதல் பேர்." பிறகு என்ன நினைத்தாரோ, "இதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

அதுவும் அந்த வடிவம்தானா என்று கூடக் கவனிக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் ரயில். ரித்து வழியனுப்ப வந்தாள். பிரின்சிக்குப் பேரீச்சை வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி கொடுத்து, கட்டு இல்லாத தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இருந்தும் கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னிடம், "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் பண்ணுங்கள் தாதா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் காலை ஆந்திராவில் எங்கோ வண்டி நின்றுகொண்டிருந்தது. வெளியே நெல் வயல், கொக்கு. குளிர் போய்ப் பழைய வெயில் வந்துவிட்டது. பிரின்சிக்கு வடைப் பொட்டலத்தை ஒற்றைக் கையால் பிரிக்க வரவில்லை. நான் பிரித்துக் கொடுத்தேன். எதிர் இருக்கைக்காரர்கள் இறங்கிப் போயிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"பிரின்சி, கோச் உன்னை வெளிய வர வேணாம்னுதான் சொன்னாரு. நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டு வான்னு கத்திட்டேன்."

வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் மாமா, வரக் கூடாதுன்னு" என்றாள். "பால் நேரா வந்துக்கினு இருந்துச்சு. பின்னாடி நம்ம பொண்ணு வந்துட்டா. நின்ன இடத்துலயே நின்னுருந்தா கைக்கு வந்திருக்கும். அதான் நான் நின்னேன்."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீ சொன்னியே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வடையைச் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வூட்ல இத சொல்லாத. அம்மா உன்ன பேஜார் பண்ணும்" என்றாள்.

சென்ட்ரலில் அக்கா ஏழாவது நடைமேடையில் நின்றிருந்தாள். அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருக்கிறாள். போனில் விவரம் எதுவும் சொல்லவில்லை, கீழே விழுந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கட்டுப் போட்ட தோளைத் தொடாமல் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"நானாத்தான் வெளிய வந்துட்டேம்மா. அவசரப்பட்டுட்டேன்."

"மாமா பின்னாடியே நின்னுக்கினு இருந்தான்ல? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நீ?" என்றாள் அக்கா. "அவ்ளோ தூரம் உனக்கோசரம் வந்தான்."

பிரின்சி தரையைப் பார்த்தாள். நான் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் பின்னால் நடந்தேன். கூட்டம். பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஆட்கள் குறுக்கே போனார்கள். வெளியே பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். வியாசர்பாடி பேருந்துக்காக நின்றோம். அக்கா முந்தானையால் பிரின்சியின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "மாமாகிட்ட சாரி சொன்னியா?" என்றாள்.

"சொன்னேம்மா."

அப்போதுதான் சொன்னேன். எதையும் விடவில்லை. ரித்து சொல்லிக்கொடுத்ததையும், நான் சிரித்ததையும், பட்டியலில் முதல் பேர் யாருடையது என்பதையும் கூடச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், ஒரு சொல்லும் தடுமாறவில்லை. கடைசி விஷயத்தைக் கேட்டதும் பிரின்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாது. அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். பேருந்து வந்ததும் என் தோளிலிருந்து பிரின்சியின் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். மகளை முன்னால் ஏற்றி, தானும் ஏறி, ஜன்னல் பக்கம் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.